நின்ற பிறகு பத்து நிமிடம்

பல்லாவரம் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. குரோம்பேட்டை நெரிசலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஊர்ந்து, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பி வந்த வண்டி, பல்லாவரம் தாண்டிச் சாலை விரிந்து, ஆக்ஸிலேட்டரை ஆசையாக முறுக்கும்போதுதான் சுணங்கும். முதலில் இழுவை குறையும். அப்புறம் முறுக்க முறுக்க வேகம் இறங்கும். சென்னை விமான நிலையத்தை ஒட்டி இருநூறு முந்நூறு மீட்டர் திக்கி விக்கிப் போய், சத்தம் அடங்கி, ஓரமாக உருண்டு நிற்கும். செல்ஃப் போட்டால் மோட்டார் சுற்றும், என்ஜின் பிடிக்காது. ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு மறுபடி செல்ஃப் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். கிண்டி வரைக்கும் பெரும்பாலும் மறுபேச்சு இல்லை.

வண்டி 2015-இல் வாங்கிய கியர் இல்லாத 110 சிசி ஸ்கூட்டர். கார்பரேட்டர் வைத்தது. பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்குத் தினமும் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். போன கோடையில் ஒரே மாதத்தில் ஒன்பது தடவை நின்றது. அந்த ஒரு மாதத்தில் இந்த நோய்க்கு மூன்று பேர் மூன்று தீர்ப்பு சொன்னார்கள். இரண்டுக்குப் பணம் கொடுத்தேன், ஒன்று இலவசம். மூன்றையும் எடைபோட்டுப் பார்க்க இப்போது உட்காருகிறேன். முதலில் எடைபோட வேண்டியது என் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைத்தான்.

"சூடானா நிக்குதுண்ணே. ஆறினா ஓடுது." போன இடத்திலெல்லாம் இதைத்தான் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஏழெட்டு வார்த்தைக்குள் நோயை அடக்கிவிட்ட திருப்தி எனக்கும் இருந்தது. ஆனால் இதில் நான் கண்ணால் பார்த்தது எவ்வளவு? ஓடியது, நின்றது, பத்து நிமிடம் கழித்து ஓடியது, அவ்வளவுதான். சூடும் ஆறுதலும் நான் சேர்த்த சரக்கு. என்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய்க்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் வண்டி ஆறியிருக்கும் என்பது சரி. ஆறியதால்தான் ஓடியது என்று யார் சொன்னது?

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கூட்டருக்குள் என்னென்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சூட்டில் உள்ளுக்குள் விரிசல் விட்ட இக்னிஷன் காயில் ஆறிச் சேர்ந்துகொண்டு மறுபடி பொறி கொடுக்கும். டேப்பட் இடைவெளி இறுகிப்போய், சூட்டில் நீண்டு முழுதாக மூட முடியாமல் நின்ற எக்ஸாஸ்ட் வால்வ் சுருங்கி உட்காரும், கம்ப்ரஷன் திரும்பும். பெட்ரோல் குழாயில் கொதித்து ஆவியாகி வழியை மறித்த பெட்ரோல் மறுபடி திரவமாகும். இந்த மூன்றும் சூட்டுக் கதைகள். மற்றவற்றுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் சுழன்று ஜெட் வாயை அடைத்த தூசு, இழுப்பு நின்றதும் கீழே படியும். சொட்டுச் சொட்டாக மட்டும் பெட்ரோல் விடும் அடைபட்ட ஃபில்டர், பத்து நிமிடத்தில் அந்தக் கிண்ணத்தை நிரப்பிவிடும். காற்றுத் துளை அடைபட்டு டேங்குக்குள் உண்டான வெற்றிடம், எங்கோ ஒரு இடுக்கு வழியாக மெல்லக் காற்றை இழுத்துச் சமனாகும். ஆறு வெவ்வேறு நோய், வெளியே தெரிகிற குறி ஒன்றே ஒன்று. 'ஆறினா ஓடுது' என்று நான் சொன்ன கணத்தில் இந்த ஆறில் மூன்றைக் கேட்பவர் மனதிலிருந்து நானே விரட்டிவிட்டேன்.

மெக்கானிக் தொழிலில் இதற்கென்றே ஒரு நல்ல கேள்வி உண்டு: "பட்டுனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?" ஸ்விட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்த வண்டிபோல் இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் பக்கம். நூற்றுக்கு நூறு சரியான விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசு செலவில்லாத கேள்வி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

முதல் தீர்ப்பு எங்கள் தெருமுனை மெக்கானிக்குடையது: கார்பரேட்டர் அடைப்பு. "கழட்டிக் கிளீன் பண்ணிடலாம் சார், நானூறு ரூபா ஆகும்" என்றார். அவர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முறுக்கும்போது வேகம் இறங்குகிறது என்றால் மெயின் ஜெட்டுக்குப் போதுமான பெட்ரோல் போகவில்லை என்று நினைப்பது முறையான சிந்தனைதான். பத்து வயது வண்டி. கிண்ணத்தில் கசடு இல்லாமலா இருக்கும்? ஆனால் ஜெட் நிரந்தரமாக அடைபட்டிருந்தால் பெருங்களத்தூர் மேம்பாலத்திலேயே இழுவை குறைந்திருக்க வேண்டும், பல்லாவரம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சுழலும் தூசு என்றால் ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்று நின்றிருக்கும். இப்படி ஒரே இடத்தில் குறிவைத்து நிற்காது. கழற்றிப் பார்த்தபோது அவரே, "ரொம்ப அழுக்கு இல்ல சார்" என்றார். இருந்தும் பெட்ரோல் ஊற்றி, பிரஷ் போட்டு, காற்றடித்து மாட்டினார். வண்டி நாலு நாள் நிற்கவேயில்லை.

இந்த நாலு நாள்தான் இந்தக் கதையில் ஆபத்தான சாட்சி. கிளீன் பண்ணினோம், நோய் போனது, ஆகவே கிளீன் பண்ணினதால் போனது. எவ்வளவு ஒழுங்கான கோர்வை! ஐந்தாம் நாள் அதே விமான நிலையச் சுவரருகே நின்றபோது, அடைப்பு மறுபடி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நோயை முதலிலேயே தவறாகப் படித்திருக்கலாம் என்று தோன்றவில்லை. அந்த நாலு நாளில் வேறு என்ன மாறியிருந்தது என்று கேட்க எனக்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது தீர்ப்பு, பெயர்ப்பலகையும் டோக்கனும் காத்திருப்பு நாற்காலியும் உள்ள ஒரு பெரிய சர்வீஸ் இடத்தில் கிடைத்தது. 'சூடானா நிக்குது' என்ற என் வாக்கியத்தை அவர்கள் கணினியில் ஆங்கிலத்தில் ஏற்றிக்கொண்டார்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். நிற்கவில்லை. மாலையில் போன் வந்தது: "காயில் வீக்கா இருக்கு சார். சூடானா கட் ஆகும். பிளக்கும் சேர்த்து மாத்திடறோம்." மாற்றினார்கள். மறுநாளே வண்டி நின்றது.

காயில் தீர்ப்பைச் சும்மா தள்ளிவிட முடியாது. சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும் காயில் உண்மையில் இருக்கிறது. ஸ்கூட்டர் மெக்கானிக் எவரும் பத்துப் பதினைந்தாவது பார்த்திருப்பார். முழுக்க முறுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்; அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும்; நலிந்த காயில் அங்கேதான் முதலில் காலை வாரும். ஆகவே 'முறுக்கினால் நிற்கிறது' என்பதுகூட இந்தத் தீர்ப்புக்கு ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாதது இடம். இந்த ஸ்கூட்டர்களின் என்ஜினைக் குளிரவைப்பது அதன் சொந்த விசிறி. கிராங்க் சுற்றினால் விசிறி சுற்றும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். பாலிதீன் உறைபோல நாலு பக்கமும் பேனல் மூடிய அந்தக் கூட்டுக்குள் வெளிக்காற்று புகவும் வழி குறைவு. காலை ஒன்பது மணிக்கு, வெயிலில், பஸ்ஸின் புகைக்குப் பின்னால் குரோம்பேட்டையில் ஊர்வதுதான் அந்த என்ஜினுக்கு மிக மோசமான கால் மணி நேரம். சூடுதான் காரணம் என்றால் வண்டி அங்கே நிற்க வேண்டும். அங்கே ஒரு நாளும் நின்றதில்லை. சாலை விரிந்து, காற்று பாயத் தொடங்கி ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆன பிறகு நிற்கிறது. காயில், வால்வ், ஆவியடைப்பு என்று சூட்டை நம்பியிருக்கும் எல்லாத் தீர்ப்பும் இந்த ஒரு இடத்தில் சறுக்குகிறது.

இதைவிட வேடிக்கை, அந்த அரை மணி நேரச் சோதனை. அது நல்ல சோதனை. சூடாக்கினார்கள், நிற்கவில்லை. ஆக, வெறும் சூடு காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று சோதனை பதில் சொல்லிவிட்டது. பதிலை எழுதிக்கொள்ளாமல், சோதனைக்கு முன்பே மனதில் இருந்த விடையைப் பில்லில் எழுதினார்கள்.

மூன்றாவது தீர்ப்பு என் மனைவியின் தம்பியிடமிருந்து, இலவசமாக, மதியச் சாப்பாட்டின்போது வந்தது. "எல்லாம் இந்த எத்தனால்தான் மாமா. இருபது பர்சன்ட் கலக்குறான். பழைய வண்டி எப்படித் தாங்கும்?" இன்றைக்கு எந்த வண்டியில் எது கெட்டாலும் விழுகிற தீர்ப்பு இது. தும்மினால் பனிக்காற்று என்பதுபோல.

இதில் உண்மை இருக்கிறது என்பதால்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எத்தனாலுக்கு ஒரு லிட்டருக்கான எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதத்துக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் இருபது சதவீதக் கலப்பால் மூன்று நான்கு சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது. எத்தனால் எரியத் தேவையான காற்றின் அளவும் குறைவு. பழைய கார்பரேட்டரில் ஜெட் அளவு மாறாததால் கலவை கொஞ்சம் மெலியும். பழைய ரப்பர் குழாயை, டயஃப்ரத்தை அது ஊறவைக்கும். டேங்கில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். தண்ணீரை இழுத்துச் சேர்க்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும்.

ஆனால் மூன்று நான்கு சதவீதம் ஒரு வண்டியை நடுரோட்டில் நிறுத்தாது. கலவை மெலிந்ததுதான் காரணம் என்றால் தினமும், எல்லா இடத்திலும், எல்லா வேகத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அடியில் தங்கிய தண்ணீர் என்றால் இரவு முழுக்க நின்று காலையில் கிளம்பும்போதுதான் முதலில் கார்பரேட்டருக்குள் போகும். போனால் பத்து நிமிடத்தில் மன்னிக்கவும் செய்யாது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மெக்கானிக்குகள் எடுத்த எடுப்பில் கேட்டது, "தண்ணில நின்ன வண்டியா?" என்றுதான். என் வண்டி அப்போது மேடான இடத்தில் தப்பித்தது. எத்தனால் இந்த நோய்க்குத் துணை போகலாம், ரப்பரைக் கெடுத்து வேறு நோய்க்கு அடிபோடலாம். பல்லாவரம் தாண்டி இரண்டாவது கிலோமீட்டரில் நிறுத்துகிற வேலையை அதால் செய்ய முடியாது. மச்சானிடம் இதை விளக்கினேன். "அப்போ கவர்மென்ட் பண்றது சரிங்கிறீங்களா?" என்றான். அத்தோடு விட்டேன்.

சில காரணங்களை ஓட்டமாகத் தள்ளலாம். பெல்ட் தேய்ந்தாலோ கிளட்ச் வழுக்கினாலோ என்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. என் வண்டியில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் வீட்டு வாசலிலிருந்தே மந்தமாக இருக்கும். சாவி ஸ்விட்சிலோ வயரிலோ பிடிப்பு விட்டால் குழியில் இறங்கும்போது பட்டென்று வெட்டும்.

மூன்று தீர்ப்பும் சரிந்த பிறகு செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பெட்ரோல் கணக்குக்காக வைத்திருந்த சின்ன நோட்டில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதினேன்: கிலோமீட்டர், நேரம், வெயிலா மேகமா, எப்படி நின்றது, டேங்கில் எவ்வளவு. கடைசிக் கட்டம் சும்மா இடம் இருந்ததால் போட்டது. முந்தைய நிறுத்தங்களையும் பங்க் சீட்டுகளை வைத்து நினைவிலிருந்து நிரப்பினேன். பார்த்தால், ஒன்பதில் எட்டு நிறுத்தம் டேங்க் நிரப்பிய அன்றோ மறுநாளோ. முள் பாதிக்குக் கீழே போன நாட்களில் விமான நிலையத்தைச் சத்தமில்லாமல் தாண்டியிருக்கிறது.

கார்பரேட்டர் கிளீனிங் தந்த நாலு நாளும் இப்போது வாயைத் திறந்தது. மெக்கானிக் டேங்கை வடித்துவிட்டு ஒரு லிட்டர் மட்டும் ஊற்றிக் கொடுத்திருந்தார். நாலு நாளும் நான் ஒரு லிட்டர், ஒரு லிட்டராகப் போட்டு ஓட்டினேன், மாதக் கடைசி. சம்பளம் வந்ததும் ஃபுல் டேங்க். மறுநாள் நின்றது.

பெட்ரோல் நிறைய இருக்கும்போது பெட்ரோல் கிடைக்காமல் வண்டி நிற்குமா? இங்கேதான் டேங்கின் மூச்சு வருகிறது. பெட்ரோல் கீழே இறங்கினால் அந்த இடத்துக்கு மேலே காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்த வழி அடைத்தால் டேங்குக்குள் காற்று மெலிந்து, கீழே இறங்கும் பெட்ரோலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்வாயை விரலால் மூடித் தூக்கிய ஸ்ட்ராவில் இளநீர் நிற்கிறதே, அது மாதிரி.

கொஞ்சம் கணக்குப் போடலாம். டேங்குக்கும் கார்பரேட்டருக்கும் உயர வித்தியாசம் ஒரு சாண் என்று வையுங்கள். ஒரு சாண் பெட்ரோலின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான். உள்ளே காற்று அந்த அளவுக்கு மெலிந்தால் போதும், பெட்ரோல் இறங்காது. டேங்க் நிரம்பி, மேலே அரை லிட்டர் காற்றுதான் இருக்கிறதென்றால் அதில் ஒன்றரை சதவீதம் ஏழெட்டு மில்லி. பெட்ரோல் பாதியாகி மேலே இரண்டரை லிட்டர் காற்று இருந்தால், அதே மெலிவு உண்டாக முப்பத்தைந்து நாற்பது மில்லி குறைய வேண்டும். பெட்ரோல் ஆவி ஓரளவு ஈடுகட்டும்; என் கணக்கு இரண்டு மடங்கு பிசகலாம். பிசகினாலும் விகிதம் மாறாது: நிரம்பிய டேங்க் ஐந்து மடங்கு சீக்கிரம் மூச்சுமுட்டும்.

இந்தக் கணக்கே எனக்கு எதிராகவும் ஒரு கேள்வி வைத்தது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஏழெட்டு மில்லியில் முந்நூற்றைம்பது மீட்டர்தான் போகும். இரண்டு மடங்கு பிசகு, கார்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பு, எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. துளை முழுக்க அடைத்திருந்தால் ஃபுல் டேங்க் போட்ட பங்க் வாசலைவிட்டுக் கொஞ்ச தூரத்திலேயே நின்றிருக்க வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் எப்படி ஓடியது?

பாதி அடைத்திருந்தால் ஓடும். குரோம்பேட்டையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது நிமிடத்துக்கு ஒன்பது பத்து மில்லி பெட்ரோல்தான் செலவு. அவ்வளவு காற்றை அந்தப் பாதித் துளை விட்டுக்கொண்டிருக்கும். விமான நிலையச் சாலையில் அறுபதில் போனால் இருபத்திரண்டு மில்லி. துளையால் ஈடுகொடுக்க முடியாமல் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி பற்று விழுகிறது. நிரம்பிய டேங்கில் ஒன்றிரண்டு நிமிடத்தில் கணக்கு முடியும். பாதி டேங்கில் நாலைந்து நிமிடம், அதற்குள் கத்திப்பாரா நெரிசல் வந்து வேகம் தணிந்துவிடும். ஏன் அந்த இடம், ஏன் அந்த நாட்கள், ஏன் பத்து நிமிடம் என்ற மூன்றுக்கும் ஒரே விடை.

எல்லாவற்றையும் விளக்குகிற விடை கிடைத்ததும் அதன் மேல் காதல் வந்துவிடும். அதனால் அதற்குச் சரியான எதிரி ஒன்றைத் தேடினேன். கிடைத்தது, ஆட்டோ காக். என்ஜினின் உறிஞ்சுவிசையால் டயஃப்ரம் திறந்து பெட்ரோல் விடும் குழாய். முழுக்க முறுக்கும்போது அந்த உறிஞ்சுவிசை குறையும். டயஃப்ரம் நைந்திருந்தால் வேண்டிய நேரத்தில் பார்த்துத் தானே மூடிக்கொள்ளும். இதுவும் நேர்ச்சாலையில்தான் நிறுத்தும், இழுத்து இழுத்துத்தான் நிறுத்தும், நின்றால் கொஞ்ச நேரத்தில் மன்னிக்கும். என் தீர்ப்புக்கு இதைவிட நெருங்கிய போட்டி கிடையாது. வித்தியாசம் இரண்டு இடத்தில். டேங்க் நிறைந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது டயஃப்ரத்துக்குப் பெரிய விஷயமில்லை. மூடியைத் திறந்தாலும் அது குணமாகாது.

அடுத்த தடவை நின்றபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிடம் கொடுக்கவில்லை. சீட்டைத் தூக்கி மூடியைத் திருகினேன். வழக்கமாகக் கால் சுற்றில் கையோடு வரும் மூடி, உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் லேசாக முரண்டு பிடித்து, 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது. மூடி, செல்ஃப் போட்டேன். மூன்று சுற்று, பிடித்துக்கொண்டது. நின்று ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு தடவை நடந்தது சாட்சி ஆகாது. வெயிலில் நின்ற நல்ல டேங்கைத் திறந்தாலும் 'ஸ்' வரும், வெளியே ஊதுகிற 'ஸ்'; அவசரத்தில் காது திசை பிரிக்காது. எனவே ஒரு வாரம் பெட்ரோலை ஒரே அளவில் வைத்து ஓட்டினேன். தினமும் காலையில் பெருங்களத்தூர் பங்கில் ஃபுல். திங்கள், ஒன்றும் செய்யவில்லை, நின்றது. செவ்வாய், பல்லாவரத்தில் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து மூடிவிட்டு, அங்கிருந்து மிதமாகப் போய், விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் இன்னொரு தடவை திறந்து மூடினேன், நிற்கவில்லை. புதன், பல்லாவரத்தில் அதே நேரம் நிறுத்தினேன், அதே மாதிரி மிதமாகப் போய் இரண்டாவது இடத்திலும் நிறுத்தினேன், சீட்டைத் தூக்கினேன், மூடியைத் தொடவில்லை, நின்றது. இந்தப் புதன்கிழமைதான் எனக்கு முக்கியம். ஓய்வும் ஆறுதலும் இருந்தது, மூடி மட்டும் திறக்கவில்லை. வியாழன் இரவு மூடியைக் கழற்றி, அடிப்பக்க ரப்பர் வளையத்தை நெம்பிப் பார்த்தேன். தூசும் வாட்டர் வாஷ் சோப்பும் பாலிஷும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக ஒரு பொட்டு அளவு. குண்டூசியால் எடுத்து, சைக்கிள் பம்பால் ஊதினேன். வெள்ளிக்கிழமை ஃபுல் டேங்கில் அறுபதில் போனேன். அதற்குப் பிறகு அங்கே நிற்கவேயில்லை.

சரி, தீர்ப்பு. நோயின் மட்டத்தில் ஐயமில்லை, பாதி அடைத்த மூடித் துளை. அதற்காக நின்றுபோகும் ஸ்கூட்டருக்கெல்லாம் மூடிதான் காரணம் என்று ஊருக்குச் சொல்லக் கிளம்பினால் நான் இன்னொரு மச்சான் ஆகிவிடுவேன். அடுத்தவர் வண்டியில் காயிலாகவே இருக்கலாம். நான் உறுதியாகச் சொல்வது தேடும் வரிசையைப் பற்றி. நின்ற இடத்தில், நின்ற நிமிடத்தில், செலவில்லாத சோதனை முதலில். மூடியைத் திறந்து மூடிப் பார். பிடிக்கவில்லையா, மூடியை இறுக்கிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்: நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை, வறண்டிருந்தால் பெட்ரோலே வரவில்லை. பிளக்கை என்ஜினில் வைத்துப் பொறி பார்க்கிற வேலையை டேங்க் திறந்திருக்கும்போது மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம். கிக்கரை மிதித்து எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தால் வால்வ் கதையும் தெரிந்துவிடும். இவ்வளவும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். வண்டி மறுபடி கிளம்பிவிட்டால் சாட்சி கலைந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது ஊகம்.

மெக்கானிக்குகளை இந்த ஊகத்துக்காகக் குறை சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அவர் கைக்கு வண்டி வரும்போது அது ஓடுகிற வண்டி. நோயாளி எழுந்து நடந்து போன பிறகு வந்து சேரும் வைத்தியர் அவர். மூடியை ஊதிக் கொடுத்துவிட்டு நானூறு ரூபாய் கேட்டால் நான் கொடுத்திருப்பேனா? யோசித்ததற்குப் பில் போட முடியாது, மாற்றிய சாமானுக்குத்தான் போட முடியும். தெருமுனைக்காரர் என் வாக்கியத்தைக்கூட அதிகம் நம்பவில்லை. அவர் தவறு பழக்கத்தில் வந்தது. பெரிய இடத்தின் தவறு எனக்கு ஆறவில்லை. சோதனை செய்யும் இடமும் நேரமும் இருந்து, சோதனை சொன்ன பதிலைக் கேட்காமல் விட்டார்கள். மூவரிலும் பெரிய குற்றவாளி நான். என் அப்பா வைத்திருந்த டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரின் முன்பெட்டியில் பிளக் ஸ்பேனரும் உப்புத்தாளும் எப்போதும் இருக்கும். நின்றால் ஓரங்கட்டி, சாய்த்து, கழற்றி, பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். நான் நின்ற இடத்தில் விமானம் பார்த்தேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் புது ஸ்கூட்டர்களில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. "இப்பல்லாம் வண்டியே சொல்லிடும் சார்" என்கிறார்கள். சென்சார் இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லும், அது மெய்தான். ஆனால் பெரும்பாலான சிறு ஸ்கூட்டர்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்க சென்சார் கிடையாது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் சூட்டில் சோர்ந்தாலும், டேங்கின் ஆவியைக் கரிப்பெட்டிக்குக் கொண்டுபோகும் குழாய் மடங்கி மூச்சு அடைத்தாலும் மீட்டரில் விளக்கு எரியாமலே வண்டி நிற்கலாம். விளக்கு எரியவில்லை, ஆகவே கோளாறு இல்லை என்று படிப்பதும் 'ஆறினா ஓடுது' வகையைச் சேர்ந்த படிப்புதான். சாவி போட்டதும் இரண்டு விநாடி பம்ப் முனகும் சத்தம் கேட்கிறதா என்று நின்ற இடத்திலேயே காது கொடுப்பது இன்றைக்கும் செலவில்லாத சோதனை.

நோட்டில் ஒன்பது நிறுத்தம் என்றேன், எட்டுக்குத்தான் ஃபுல் டேங்க் பொருந்தியது. ஒன்பதாவது, கத்திப்பாரா மேம்பாலத்துக்குக் கீழே, சாயங்காலம், கோடை மழையில், முள் சிவப்பில் இருக்கும்போது. திக்கவில்லை, விக்கவில்லை, பட்டென்று நின்றது. மூடி அதற்குப் பொறுப்பில்லை. பிளக் கேப்பில் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். அந்த வரிக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. அதற்கப்புறம் அந்த அளவுக்கு மழையும் பெய்யவில்லை.